பசிக்காக எழுதப்பட்ட பிரிவு

மனைவியைக் கைவிட்ட கணவன் அவளுக்குச் செலவுக்குப் பணம் தர வேண்டும் என்று சட்டம் எங்கே சொல்கிறது? திருமணச் சட்டத்தில் என்றுதான் பலரும் சொல்வார்கள். அங்கேயும் உண்டு. ஆனால் எல்லா மதத்தாருக்கும் பொதுவான விதி வேறோர் இடத்தில் இருக்கிறது. திருடனை எப்படிக் கைது செய்வது, பிணை எப்போது கொடுப்பது, சந்தேக மரணத்தை யார் விசாரிப்பது என்றெல்லாம் பேசும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள் அது உட்கார்ந்திருக்கிறது. பழைய சட்டத்தில் 125-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆம் பிரிவு. எண் மாறிவிட்டாலும் வழக்கு மன்ற வராந்தாக்களில் ‘நூத்தி இருபத்தஞ்சு போட்டிருக்கு’ என்ற பேச்சு இன்னும் மாறவில்லை.

குடும்ப விவகாரம் ஏன் போலீசும் சிறையும் பேசும் புத்தகத்துக்குள் வந்தது? விடை 19-ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை உருவாக்கியவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், வைஸ்ராய் சபையின் சட்ட உறுப்பினர். மனைவி மக்களைப் பராமரிக்கச் சொல்லும் அத்தியாயத்துக்கு அவர் கொடுத்த விளக்கம், கைவிடப்பட்டவர்கள் நாதியற்றுத் தெருவில் அலைவதையும் அதனால் வரும் விளைவுகளையும் தடுப்பதற்கான ஏற்பாடு என்பதே. பசித்தவர் திருடுவார், பிச்சை எடுப்பார், ஊர் அமைதி கெடும்; ஆகவே மாஜிஸ்திரேட் முன்கூட்டியே தலையிடட்டும் என்ற எண்ணம். அந்தப் பெண்ணின் உரிமை என்ற நினைப்பு அதில் கிடையாது. அரசுக்கு வேண்டியிருந்தது ஒழுங்கு.

நோக்கம் அதுவாக இருந்ததால் தொகையும் அதற்கேற்றபடி இருந்தது. 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 488-ஆம் பிரிவில் உச்சவரம்பு மாதம் 50 ரூபாய். 1923-இல் அது 100 ஆனது, 1955-இல் 500 ஆனது. அதன் பிறகு 46 ஆண்டுகள் அந்த 500 அசையவில்லை. விலைவாசி எங்கேயோ போய்விட்டது. கணவன் பெரிய அதிகாரியோ ஆலை முதலாளியோ, மாஜிஸ்திரேட்டின் கை 500-க்கு மேல் எழுதாது.

1973-இல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது ஒரு முக்கியமான ஓட்டையை அடைத்தார்கள். அதுவரை கணவன் விவாகரத்துச் செய்துவிட்டால் அவள் மனைவி இல்லை, மனைவி இல்லை என்றால் பராமரிப்பும் இல்லை என்று தப்பிக்க முடிந்தது. புதிய 125-ஆம் பிரிவு, மறுமணம் செய்யாத விவாகரத்தான பெண்ணையும் மனைவி என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. வயதான பெற்றோரையும் சேர்த்தது. விவாகரத்தான பெண்ணைச் சேர்த்த அந்த ஒரு வரியின் மேல்தான் சுதந்திர இந்தியாவின் மிகப் பெரிய ஜீவனாம்ச வழக்கு எழுந்தது.

அந்த வழக்கைத் தொடுத்த ஷா பானோ இந்தூர்க்காரர். 1932-இல் திருமணம். கணவர் வழக்கறிஞர், நல்ல வருமானம். ஐந்து பிள்ளைகள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பிறகு 1975-இல் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். 1978 ஏப்ரலில் மாதம் 500 ரூபாய் கேட்டு மனுச் செய்தார். அதே ஆண்டு நவம்பரில் கணவர் தலாக் சொன்னார். 1979 ஆகஸ்டில் மாஜிஸ்திரேட் கொடுத்த தொகை மாதம் 25 ரூபாய். மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் 1980-இல் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. அந்த 179 ரூபாயை எதிர்த்துத்தான் கணவர் உச்ச நீதிமன்றம் வரை போனார்.

ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு 1985 ஏப்ரல் 23 அன்று ஷா பானோவின் பக்கம் தீர்ப்பளித்தது. பிறகு எழுந்த அரசியல் புயலும், 1986-இல் நாடாளுமன்றம் முஸ்லிம் பெண்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்ததும் ஊரறிந்தவை. அதன் அடுத்த அத்தியாயம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை, எனக்கு அதுதான் வியப்பு. ஷா பானோவுக்காக வாதாடிய வழக்கறிஞர் டேனியல் லத்தீஃபி தன் பெயரிலேயே அந்த 1986 சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். தீர்ப்பு வர 2001 ஆயிற்று. உச்ச நீதிமன்றம் சட்டத்தை ரத்துச் செய்யவில்லை. விவாகரத்துக்குப் பின் பெண் காத்திருக்கும் இத்தா காலத்துக்குள் கணவன் ‘நியாயமான ஏற்பாடு’ செய்ய வேண்டும் என்று அதில் இருந்ததை எடுத்துக்கொண்டது. இத்தா காலம் என்பது பணம் கொடுத்து முடிக்க வேண்டிய கெடு. அந்த ஏற்பாடோ அவளுடைய எதிர்காலம் முழுவதற்கும் போதுமானதாக இருக்க வேண்டும் என்று விளக்கம் சொன்னது. உரிமையைச் சுருக்க வந்ததாகக் கருதப்பட்ட சட்டம், 500 ரூபாய் உச்சவரம்பு இல்லாத ஒரு பெரிய உரிமையாக நிமிர்ந்தது.

அந்தத் தீர்ப்பு வந்த நாள் 2001 செப்டம்பர் 28, வெள்ளிக்கிழமை. அதே வாரத்தின் திங்கட்கிழமை, செப்டம்பர் 24 அன்று, 125-ஆம் பிரிவின் 500 ரூபாய் உச்சவரம்பை நீக்கிய திருத்தமும் நடப்புக்கு வந்தது. கிறிஸ்தவர்களுக்கான 1869 விவாகரத்துச் சட்டத்தில், வழக்கு நடக்கும்போது கணவன் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மனைவிக்குத் தரக்கூடாது என்றிருந்த தடையும் அந்த ஆண்டில்தான் போனது. நூறு ஆண்டுக்கு மேல் இருந்த கட்டுகள் ஒரே சமயத்தில் அவிழ்ந்தன. 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில், விவாகரத்தான முஸ்லிம் பெண்கள் 1986 சட்டத்தையும் நாடலாம், 125-ஆம் பிரிவையும் நாடலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

இங்கே பரவலாக இருக்கும் ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். விவாகரத்து வாங்கினால்தான் ஜீவனாம்சம் கிடைக்கும் என்று எண்ணிப் பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்துவிடுகிறார்கள். இரண்டும் தனித்தனி. விவாகரத்தே கேட்காமல், தாலியைக் கழற்றாமல், பராமரிப்புத் தொகை மட்டும் கேட்கலாம். விவாகரத்தான பிறகும், மறுமணம் செய்யாதவரை கேட்கலாம். குழந்தைகளுக்கான தொகை இன்னொரு தனிக் கணக்கு. அம்மா சம்பாதிக்கிறாள் என்பதால் அப்பாவின் கடமை தீர்ந்துவிடாது.

விவாகரத்துக்கு வருவோம். இந்துத் திருமணச் சட்டம் 1955-இல் வந்தபோது, இருவரும் சம்மதித்துப் பிரிய அதில் வழியே இல்லை. சட்டம் சொல்லும் காரணங்களில் ஏதாவது ஒன்றை நிரூபித்தாக வேண்டும். 1976-இல் 13-பி பிரிவு சேர்ந்தது. இருவரும் ஒப்புக்கொண்டால் போதும். நம் ஊர்ப் பேச்சில் ‘மியூச்சுவல்’. ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், சேர்ந்து மனுக் கொடுக்க வேண்டும், பிறகு ஆறு மாதம் காத்திருந்து மறுபடி வந்து சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும். இடையில் யார் வேண்டுமானாலும் மனம் மாறலாம். ஒருவர் பின்வாங்கினால் அந்த மனு நிற்காது. ஆறு மாதக் காத்திருப்பு கட்டாயமில்லை, நீண்ட காலம் பிரிந்தே இருந்து எல்லாக் கணக்கும் தீர்த்துவிட்ட தம்பதிக்கு அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் பாதை நீளம். திருமணமாகி ஓராண்டுக்குள் பொதுவாக மனுவே போட முடியாது. அதன்பின் குடும்ப நல நீதிமன்றத்தில் மனு. அது இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றம். எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். அதற்கே சில வாய்தாக்கள். கவுன்சலிங், சமரசப் பேச்சு. பதிலுரை. பிறகு சாட்சியம், குறுக்கு விசாரணை, வாதம். 1984-இல் குடும்ப நல நீதிமன்றச் சட்டம் எழுதியவர்கள் இந்த இடத்தைச் சண்டைக்களமாக ஆக்கக் கூடாது என்று விரும்பினார்கள்; வழக்கறிஞர் வைத்துக்கொள்வது உரிமையல்ல, நீதிமன்றம் அனுமதித்தால்தான் என்று 13-ஆம் பிரிவில் எழுதினார்கள். நடைமுறையில் அனுமதி கேட்பதும் கொடுப்பதும் வாடிக்கையாகிவிட்டது. திருமணம் ‘மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது’ என்பது இந்துத் திருமணச் சட்டத்தில் இன்னும் ஒரு காரணமாக இல்லை. ஒருவர் எதிர்த்தாலும் அந்தக் காரணத்துக்காக மண உறவை முடித்துவைக்கும் அதிகாரம் அரசமைப்பின் 142-ஆம் கூறின்படி உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உண்டு என்று 2023 மே 1 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு முடிவு செய்தது. குடும்ப நல நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. இருபது ஆண்டு முகம் பார்க்காத கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணுக்கு இன்னும் தம்பதிதான். இதில் ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இந்த ஆண்டுகளில் சாப்பிடுவது எப்படி? அதற்காகத்தான் இடைக்கால ஜீவனாம்சம். இந்துத் திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு அதைக் கணவனும் கேட்கலாம் என்கிறது. 125-இல் கணவனுக்கு இடமில்லை. நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் இடைக்கால மனுவை முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது விதி. நாக்பூர்க் குடும்ப நல நீதிமன்றம் 2013 ஆகஸ்டில் ஒரு பெண்ணுக்கு இடைக்காலமாக மாதம் 15,000 ரூபாய் கொடுத்தது. அந்த இடைக்கால உத்தரவு மீதான சண்டை முடிந்தது 2020 நவம்பர் 4 அன்று, உச்ச நீதிமன்றத்தில். ஏழு ஆண்டு. ‘ரஜ்னேஷ் எதிர் நேஹா’ என்ற அந்த வழக்கைக் கேட்ட நீதிபதிகள் இந்து மல்ஹோத்ராவும் ஆர். சுபாஷ் ரெட்டியும் ஒரு குடும்பத்தின் தகராறைத் தீர்த்ததோடு நிற்காமல் நாடு முழுவதற்கும் ஒரு முறையை வகுத்துக் கொடுத்தார்கள்.

அதன் உயிர்நாடி ஒரு படிவம். சொத்து, கடன் விவரப் பிரமாண வாக்குமூலம். இருவரும் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன்பு ஜீவனாம்ச வழக்கில் நடந்தது பெரும்பாலும் ஊகம். வழக்குப் போட்டதும் கணவனின் சம்பளம் காகிதத்தில் சுருங்கும். மனைவியின் வேலை காகிதத்தில் மறையும். நடுவில் நீதிபதி ஏதோ ஒரு தொகையை உத்தேசமாக எழுதுவார். இப்போது வருமானம், வங்கிக் கணக்கு, வீடு மனை, காப்பீடு, கடன், தன்னை நம்பியிருப்பவர்கள் எல்லாவற்றையும் சத்தியம் செய்து எழுத வேண்டும். பொய் என்று தெரிந்தால் அதற்குத் தனி நடவடிக்கை உண்டு. அந்தப் படிவத்தின் இரண்டாம் இணைப்பைப் பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்தது. அது விவசாயிகளுக்கானது. நிலம் எவ்வளவு, நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர், மாடு உண்டா, ஆடு உண்டா, கோழி, மீன், தேனீ வளர்ப்பு உண்டா என்று கேட்கிறது. சம்பளச் சீட்டு இல்லாதவனுக்கு வருமானமே இல்லை என்ற பழைய வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. தாய்வழிச் சமூகமான மேகாலயத்துக்கென்று இன்னோர் இணைப்பும் இருக்கிறது.

தொகைக்குச் சூத்திரம் உண்டா? இல்லை. 2017-இல் ஒரு வழக்கில் கணவனின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அதையே விதிபோலப் பேசுகிறவர்கள் உண்டு. அது ஓர் அளவுகோல், அவ்வளவுதான். சம்பாதிக்கிற பெண்ணுக்கு ஒன்றுமே கிடையாது என்பதும் சரியில்லை. ‘தன்னைப் பராமரித்துக்கொள்ள இயலாத’ என்ற சொற்களுக்கு, தெருவுக்கு வந்துவிட்டவள் என்று பொருள் கொள்ளக் கூடாது என்று 2007-லேயே தீர்ப்பு இருக்கிறது. கணவன் வீட்டில் இருந்தபோது இருந்த நிலையோடு ஒப்பிட வேண்டும். ஸ்டீபனின் தெருவோரப் பசியிலிருந்து சட்டம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதை இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்வது பழைய அளவு. பழகிய வாழ்க்கையிலிருந்து தள்ளிவிடப்படாமல் பார்த்துக்கொள்வது இன்றைய அளவு.

ரஜ்னேஷ் தீர்ப்பு தீர்த்துவைத்த இன்னொன்று, தேதி. முன்பு சில நீதிமன்றங்கள் உத்தரவு போட்ட நாளிலிருந்து தொகை தரச் சொல்லும், சில மனுப் போட்ட நாளிலிருந்து. கேட்கச் சின்ன விஷயம். மாதம் 10,000 ரூபாய், வழக்கு மூன்று ஆண்டு நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகையில் பாக்கி ஒன்றுமில்லை. இரண்டாம் வகையில் 3,60,000 ரூபாய். வாய்தா வாங்கி இழுப்பது லாபமா நஷ்டமா என்பதே இந்தத் தேதியில் அடங்கியிருக்கிறது. இப்போது எல்லா வழக்கிலும் மனுப் போட்ட நாள்தான். அதே தீர்ப்பின்படி, குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஒரு தொகை, 125-இல் ஒரு தொகை என்று இரண்டு இடத்தில் கேட்கலாம். ஆனால் முதலில் கிடைத்ததை இரண்டாவது இடத்தில் மறைக்கக் கூடாது, அதைக் கழித்துக்கொள்வார்கள்.

கணவன் தரப்பில் வழக்கமாக வரும் ஓர் ஆயுதம், சேர்ந்து வாழ வரச்சொல்லும், இந்துத் திருமணச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு மனு. ஜீவனாம்ச நோட்டீஸ் கைக்கு வந்த மறுவாரமே, ‘நான் கூப்பிடுகிறேன், அவள்தான் வரவில்லை’ என்று இன்னொரு மனு கிளம்பும். தகுந்த காரணமின்றிச் சேர்ந்து வாழ மறுக்கும் மனைவிக்குப் பராமரிப்பு இல்லை என்ற விதியை நம்பிச் செய்வது. சேர்ந்து வாழும்படி தீர்ப்பே வந்து, அதற்கு அவள் போகாவிட்டாலும் அதை மட்டும் வைத்து ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது, போகாததற்கு அவள் சொல்லும் காரணத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடி வாங்கிய வீட்டுக்குத் திரும்பப் போகாததற்காக ஒரு பெண் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

தீர்ப்பு கையில் இருந்தும் பணம் வராத வீடுகள் ஏராளம். இங்கேதான் அந்தப் பிரிவு குற்றவியல் புத்தகத்துக்குள் இருப்பதன் பலன் தெரிகிறது. கட்டத் தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் வாரண்ட் பிறப்பிக்கலாம்; அப்படியும் கட்டாவிட்டால் ஒரு மாதம் வரை சிறை. சிலர் சிறைக்குப் போய்விட்டு வந்து கடன் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். தீராது. சிறை என்பது பணம் கட்ட வைக்கும் ஒரு வழி மட்டுமே, பணத்துக்கு ஈடு அல்ல என்று 1988-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒவ்வொரு பெண்ணும் மனத்தில் இருத்த வேண்டியது வேறொன்று: ஒரு மாதத் தொகை பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட்டால்தான் அந்த வாரண்ட் கிடைக்கும். ‘அவர் தருவார், தருவார்’ என்று காத்திருந்து அந்த ஓராண்டைத் தவறவிட்டவர்களுக்கு, சொத்து ஜப்தி, சம்பளப் பிடித்தம் என்று சிவில் தீர்ப்பைப் போல நிறைவேற்றும் வழியை ரஜ்னேஷ் தீர்ப்பு திறந்து வைத்திருக்கிறது.

விவாகரத்தோடு சேர்த்து, இந்துத் திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின் கீழ் நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம்; மாதாமாதமாகவோ ஒரே தொகையாகவோ. இதுவரை சொன்னதெல்லாம் கணவனின் வருமானத்திலிருந்து ஒரு துண்டு. வீடு? இந்தியாவில் பெரும்பாலான இடங்களில், திருமணமான பிறகு வாங்கிய சொத்து யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. மனைவி கொண்டுவந்த சீதனம் அவளுடையது, அது வேறு. ஆனால் இருபத்தைந்து ஆண்டு சமைத்து, பிள்ளை வளர்த்து, மாமியாருக்கு மருந்து கொடுத்து, சீட்டுப் பிடித்துச் சேர்த்த குடும்பத்தில் கணவன் பெயரில் வாங்கிய வீட்டில் அவளுக்குப் பங்கு என்று எந்தத் திருமணச் சட்டமும் எழுதவில்லை. விலக்கு கோவா. போர்ச்சுகீசியரின் 1867 சிவில் சட்டத்தின் வழி வந்த அங்குள்ள முறையில், திருமணத்தின்போது வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் தம்பதியின் சொத்து பொதுவானது. பிரியும்போது பாதிப் பாதி. அங்கே பிரிந்து செல்லும் பெண் தன் பாதியைக் கேட்கிறாள். ஓசூரிலோ உளுந்தூர்ப்பேட்டையிலோ இருக்கும் பெண் மாதப் படியைக் கேட்கிறாள்.

சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூன் 21 அன்று அந்த இடைவெளிக்குள் ஓர் அடி எடுத்து வைத்தது. விவாகரத்து வழக்கல்ல, சொத்து வழக்கு. கணவர் சவுதி அரேபியாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்துக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். வாங்கிய சொத்துகள் முழுக்க என் பணம் என்று கணவர் வழக்குத் தொடர்ந்தார். நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, அந்தப் பெண் வீட்டில் செய்த வேலைகளைத் தீர்ப்பில் ஒவ்வொன்றாக எடுத்து எழுதினார். வீட்டு நிர்வாகம், சமையல், வைத்தியம், வரவு செலவு. விடுமுறை இல்லாத வேலை. அவள் அதைச் செய்யாவிட்டால் கணவனால் வெளிநாட்டில் நிம்மதியாகச் சம்பாதித்திருக்க முடியாது. ஆகவே சொத்து வாங்கியதில் அவளுடைய பங்களிப்பும் இருக்கிறது, சமப் பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். இல்லத்தரசியின் உழைப்பை அங்கீகரிக்கும் சட்டம் இதுவரை இல்லை என்பதையும் அவரே குறிப்பிட்டார். சட்டம் இல்லை என்பதால் அதை நீதிமன்றம் கணக்கில் எடுக்கக் கூடாது என்ற தடையும் இல்லை என்றார்.

அந்தச் சட்டம் எழுதப்பட வேண்டும் என்று நான் நம்புகிறேன், நாடாளுமன்றத்தில் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு பெண்ணும் உயர் நீதிமன்றம் வரை வந்து தன் சமையலுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதுவரை இருப்பதைப் பயன்படுத்த வேண்டும். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் நேரில் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிலும் கேட்கலாம். போகும்போது திருமணப் பத்திரிகை அல்லது பதிவுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கணவரின் வேலையைக் காட்டும் ஏதாவது ஒரு காகிதம் இருந்தால் எடுத்துப் போங்கள். எதுவும் கையில் இல்லாமல் கட்டிய புடவையோடு வெளியே வந்தவராக இருந்தாலும் போங்கள். காகிதங்களைப் பிறகு தேடிக்கொள்ளலாம், மனுப் போட்ட நாளிலிருந்துதான் கணக்கு ஓடும்.